சாகப்போகிறவர்கள், அல்லது இல்லை

கல்லூரி விடுதியில் என் எதிர் அறையில் இருந்த சீனியர் அண்ணன் ஒருவர் பதிந்து கொடுத்த அறுபது நிமிட கேசட் ஒன்று இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. அதன் அட்டையில் நீல மையால் ‘கொலோசியம் லைவ்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருப்பார். மூலம், ‘கொலோசியம்’ என்ற பிரித்தானிய ஜாஸ்-ராக் குழுவின் இரட்டை இசைத்தட்டு. மொத்த நீளம் அறுபது நிமிடத்தைத் தாண்டும். அந்தக் கணக்கை அண்ணன் பார்க்கவில்லை. முதல் பக்கத்தில் ‘ஸ்கெல்லிங்டன்’ முடியும் தறுவாயில் அறுந்துவிடும். இரண்டாம் பக்கத்தில் ‘லாஸ்ட் ஏஞ்சலஸ்’, கிளெம் கிளெம்சனின் கித்தார் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும்போதே, ‘டக்’ என்ற ஓசையோடு நின்றுவிடும். பிளேயரின் பொத்தான் தானாக மேலே எழும்பும் அந்த ஓசைதான் பல ஆண்டுகளுக்கு எனக்கு அந்தப் பாட்டின் கடைசிச் சுரமாக இருந்தது. பாட்டு உண்மையில் எப்படி முடிகிறது என்பதை நான் முதன்முதலாகக் கேட்டது 1971-ஆம் ஆண்டின் அந்தப் பதிவில் அல்ல. அதே ஆறு பேர் இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் கூடி வாசித்த 1994-ஆம் ஆண்டின் பதிவில்.

ஆகவே இந்தக் குழுவைப் பொறுத்தவரை எனக்கு ‘பழையது’, ‘புதியது’ என்ற வரிசை தொடக்கத்திலேயே குழம்பிப்போய்விட்டது. பிரிந்தவர்கள் கூடி வெளியிடும் ஆல்பங்கள் மீது எனக்குப் பொதுவாக அவநம்பிக்கை உண்டு. பழைய வீட்டுக்கு வெள்ளையடித்து வாடகையை ஏற்றும் வேலையாகத்தான் அவற்றில் பெரும்பாலானவை தெரிகின்றன. அந்த அவநம்பிக்கையோடுதான் 1997-இல் வெளிவந்த கொலோசியத்தின் ‘பிரெட் அண்ட் சர்க்கஸஸ்’ ஆல்பத்தையும் அணுகினேன். முதல் முறை கேட்டுவிட்டுச் சலிப்போடு உள்ளே வைத்தும்விட்டேன். அதை மறுபடி எடுக்க எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

குழுவின் பெயரிலிருந்து தொடங்குகிறேன். 1969-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெயர் ‘தோஸ் ஹூ ஆர் அபௌட் டு டை சல்யூட் யூ’. ‘சாகப்போகும் நாங்கள் உம்மை வணங்குகிறோம்’ என்று பண்டைய ரோமின் கொலோசியம் அரங்கில் மோதும் கிளாடியேட்டர்கள் பேரரசரைப் பார்த்துச் சொன்னதாகப் பலரும் நம்பும் வாசகம் அது. ஆனால் அந்த வாசகத்துக்கும் ரோமாபுரியின் கொலோசியத்துக்கும் தொடர்பில்லை. கி.பி. 52-இல் ஃபூசினுஸ் ஏரியில் பேரரசர் கிளாடியஸ் நடத்திய போலிக் கடற்போரில், மோதி மடிவதற்கென்றே கொண்டுவரப்பட்டவர்கள் அப்படி வணங்கியதாக வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். அப்போது கொலோசியத்துக்குக் கடைக்கால்கூட வெட்டியிருக்கவில்லை, அது திறக்கப்பட்டது கி.பி. 80-இல். எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அடுத்துதான் வருகிறது. அந்த வணக்கத்துக்குக் கிளாடியஸ், ‘அல்லது இல்லை’ என்று இரண்டே சொல்லில் மறுமொழி சொன்னாராம். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்ட அவர்கள் சண்டையிடவே மறுத்துவிட, பேரரசர் ஆசனத்திலிருந்து துள்ளியெழுந்து, நொண்டி நொண்டி ஏரிக்கரையோரம் ஓடி, மிரட்டியும் ஊக்கியும் அவர்களை இணங்கவைக்க வேண்டியிருந்தது. கொலோசியம் குழுவின் வாழ்க்கையை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் கிளாடியஸின் அந்த இரண்டு சொற்களையே நான் சொல்வேன்.

குழுவின் கரு பிரித்தானிய ப்ளூஸ் இசைக்கலைஞர் ஜான் மேயலின் பட்டறையில் உருவானது. லண்டனில் அறுபதுகளில் ப்ளூஸ் வாசிக்க விரும்பிய இளைஞர்கள் பலரும் ஏதோ ஒரு காலத்தில் மேயலிடம் வேலை பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள். 1968-இல் அவர் வெளியிட்ட ‘பேர் வயர்ஸ்’ ஆல்பத்தில் ஜான் ஹைஸ்மேன் டிரம்ஸும், டிக் ஹெக்ஸ்டல்-ஸ்மித் சாக்சஃபோனும், டோனி ரீவ்ஸ் பேஸ் கித்தாரும் வாசித்தார்கள். அந்த ஆல்பம் வந்த ஆண்டே மூவரும் வெளியேறி, ஆர்கன் வாசிக்கும் டேவ் கிரீன்ஸ்லேடையும், கித்தார் வாசித்துப் பாடவும் செய்யும் ஜேம்ஸ் லிதர்லேண்டையும் சேர்த்துக்கொண்டு கொலோசியத்தைத் தொடங்கினார்கள். (இன்றைய தலைமுறைக்கு நன்கு தெரிந்த பாடகர் ஜேம்ஸ் பிளேக், இந்த லிதர்லேண்டின் மகன், தந்தையின் பாட்டு ஒன்றை எடுத்துத் தன் முதல் ஆல்பத்தில் முற்றிலும் வேறொன்றாக ஆக்கிக்காட்டியவர்.)

ஹைஸ்மேனும் ஹெக்ஸ்டல்-ஸ்மித்தும் ஏற்கெனவே கிரஹாம் பாண்ட் ஆர்கனைசேஷன் என்ற குழுவில் ஒன்றாக இருந்தவர்கள். ஜிஞ்சர் பேக்கர் எரிக் கிளாப்டனோடும் ஜாக் புரூஸோடும் சேர்ந்து ‘கிரீம்’ தொடங்கப் போனபோது, 1966-இல் அவருடைய இடத்துக்கு வந்தவர் ஹைஸ்மேன். ஹெக்ஸ்டல்-ஸ்மித் அதற்கும் முன்பே அலெக்சிஸ் கார்னரின் ப்ளூஸ் இன்கார்ப்பரேட்டட் குழுவில் வாசித்தவர். கேம்பிரிட்ஜில் வேளாண்மை படித்துவிட்டு சாக்சஃபோனைப் பிடித்துக்கொண்ட விசித்திரமான மனிதர். 1934-இல் பிறந்தவராதலால் குழுவில் எல்லாரையும்விட மூத்தவர்.

இப்பின்னணி முக்கியம், ஏனென்றால் கொலோசியத்தின் இசை ஏன் அப்படி இருந்தது என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது. ப்ளூஸின் எலும்புக்கூடு மிக எளியது: பன்னிரண்டு அளவுகள் கொண்ட ஒரு சுற்று, மூன்று அடிப்படைச் சுரக்கூட்டுகள், பாடகர் ஒரு வரியைச் சொல்லி அதையே மறுபடி சொல்லி, மூன்றாம் வரியில் விடை சொல்லும் அமைப்பு. கிட்டத்தட்ட வெண்பாவைப் போல இறுகிய வடிவம். அதற்குள் எதை வைப்பது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு. கொலோசியத்தார் அந்தச் சுற்றை வைத்துக்கொண்டு, அதன்மேல் ஜாஸ் குழுவின் ஊதுகருவி அடுக்குகளையும், தேவாலய ஆர்கனின் நடையையும், ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குத் தொடரும் கருப்பொருளையும் ஏற்றினார்கள். 1969 நவம்பரில் வெர்டிகோ நிறுவனத்தின் முதல் ஆல்பமாக வெளிவந்த ‘வேலண்டைன் சூட்’டின் இரண்டாம் பக்கம் முழுவதையும் மூன்று பகுதிகள் கொண்ட ஒரே நெடும்படைப்பு நிறைத்திருக்கிறது. அதன் முதல் பக்கத்தின் ‘பட்டிஸ் ப்ளூஸ்’ பச்சையான ப்ளூஸ். ஆனால் அதற்குள் நியூ ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ராவின் பித்தளைக் கருவிகள் கூட்டமாக நுழைகின்றன. ஒரே தட்டின் இரண்டு பக்கங்களிலும் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. நடுவில் பாலம் கட்டத் தெரிந்தவர்கள் இவர்கள்.

1969 இறுதியிலும் 1970-இலும் ஆட்கள் மாறினார்கள். லிதர்லேண்டின் இடத்துக்கு பேக்கர்லூ குழுவிலிருந்து கிளெம்சன் வந்தார். லிவர்பூல்காரரான மார்க் கிளார்க் பேஸ் கித்தாருக்கு வந்தார். பாடுவதற்கென்று தனியாக ஒருவர் வேண்டும் என்ற தேவை வந்தபோது கிறிஸ் ஃபார்லோ வந்தார். 1966-இல் ‘அவுட் ஆஃப் டைம்’ பாட்டால் பிரித்தானியத் தரவரிசையில் முதலிடம் பிடித்த ஃபார்லோவுக்குக் கரகரப்பும் கனமும் உள்ள குரல். அந்தக் குரல் சற்று அதிகம்தான் என்பது என் கட்சி. ஒரு சொல்லை நான்காக உடைத்து நான்கையும் உலுக்காமல் அவர் விடமாட்டார். ஆனால் ஹைஸ்மேனின் இரட்டை பேஸ் டிரம்முக்கும் ஆர்கனுக்கும் மேலே எழுந்து கேட்க அப்படியொரு குரல்தான் வேண்டியிருந்தது. 1971 மார்ச்சில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திலும் பிரைட்டனிலும் பதிவான ‘கொலோசியம் லைவ்’ இந்த அறுவரின் கைவண்ணம். அது வெளிவந்த ஆண்டே குழு கலைந்தது.

கலைந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கிளெம்சன் ஹம்பிள் பை குழுவில் பீட்டர் ஃபிராம்ப்டனின் இடத்துக்குப் போனார். ஃபார்லோ அட்டாமிக் ரூஸ்டரில் பாடினார். கிரீன்ஸ்லேட் தன் பெயரிலேயே குழு தொடங்கினார். பிறகு தொலைக்காட்சித் தொடர்களுக்கு இசையமைத்தார். கிளார்க் யூரியா ஹீப்பில் சில மாதங்கள் இருந்து ‘தி விசார்ட்’ பாட்டை எழுத உதவிவிட்டு, ஹைஸ்மேனின் டெம்பெஸ்ட் குழுவுக்கு வந்து சேர்ந்தார். ஹைஸ்மேன் பின்னர் கேரி மூரோடும் டான் ஏரியோடும் ‘கொலோசியம் II’ என்ற பெயரில் 1978 வரை நடத்திய குழு, பெயரில் மட்டுமே வாரிசு. அது ஜாஸும் ராக்கும் கலந்த வேகமான வேறு இசை. அதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை.

ஹைஸ்மேன் எழுபதுகளின் நடுவிலிருந்து ஜெர்மனியில் காலூன்றியதே மறுகூடலுக்கு வழிவிட்டது என்று நினைக்கிறேன். அவரும் மனைவி பார்பரா தாம்சனும் ஸ்டுட்கார்ட்டை மையமாகக் கொண்ட யுனைடெட் ஜாஸ் அண்ட் ராக் என்செம்பிளில் ஆண்டாண்டாக வாசித்தார்கள். பார்பரா தாம்சன் தம்மளவில் பெரிய சாக்சஃபோன் கலைஞர், இசையமைப்பாளர். இருவரும் நியூ ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ராவில் சந்தித்து 1967-இல் மணம் செய்துகொண்டவர்கள். பிரிட்டனில் பங்க் இசை வந்து பழைய குழுக்களைக் கேலிப்பொருளாக்கிய பிறகும், ஜெர்மனியில் நீண்ட பாட்டுகளைப் பொறுமையாகக் கேட்கும் கூட்டம் கலையவில்லை. ஆகவே ஹைஸ்மேனுக்கு ஐம்பது வயது நிறைந்த 1994 ஜூனில், பழைய அறுவரும் மீண்டும் மேடையேறியது லண்டனில் அல்ல. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில், கூடாரம் அடித்து நடக்கும் இசைவிழா ஒன்றில். அதே ஆண்டு அக்டோபரில் கொலோன் நகரில் நடந்த கச்சேரி தொலைக்காட்சிக்காகப் படமாக்கப்பட்டது. மறுகூடல் கச்சேரிகளின் பதிவு ‘லைவ்ஸ்’ என்ற பெயரில் ஆல்பமாக வந்தது.

அந்தக் கொலோன் கச்சேரியின் ஒளிப்பதிவில் ஹெக்ஸ்டல்-ஸ்மித்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கலாம். அவருக்கு அறுபது வயது, வழுக்கைத் தலை. கழுத்திலிருந்து டெனர் சாக்சஃபோன் தொங்குகிறது. அதோடு சொப்ரானோ சாக்சஃபோனையும் எடுத்து, இரண்டின் முனைகளையும் ஒரே நேரத்தில் வாய்க்குள் திணித்துக்கொள்கிறார். கேட்பதற்கு வேடிக்கை வித்தை போலத் தோன்றும்; வாசிப்பவருக்கு அது பெரிய கட்டுப்பாடு. ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு கைகள் வேண்டிய இடத்தில் ஒரு கைதான் கிடைக்கிறது. ஆகவே எட்டும் சுரங்கள் பாதிக்குப் பாதி குறைந்துவிடுகின்றன. ஒரே மூச்சு இரண்டு குழல்களுக்குப் பங்கிடப்படுவதால் நீண்ட வரி பாட முடியாது. குட்டையான, அழுத்தமான சொற்றொடர்களாகத்தான் ஊதலாம். இந்தக் குறுகிய சொற்களை வைத்துக்கொண்டு அவர் ஒரு முழு ஊதுகருவி வரிசையின் ஓசையைக் கொண்டுவந்துவிடுகிறார். கன்னங்கள் உப்ப, கண்கள் பிதுங்க, கீழே உட்கார்ந்திருக்கும் ஹைஸ்மேனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி ஊதும் அந்தச் சில நொடிகளில், இருபத்து மூன்று ஆண்டுகள் எங்கே போயின என்று தெரியவில்லை.

கச்சேரியில் ஹைஸ்மேனின் தனி ஆவர்த்தனத்துக்கு ‘சோலோ கொலோனியா’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். கொலோன் நகரின் பெயரே ரோமர்கள் வைத்த ‘கொலோனியா’விலிருந்து வந்ததுதான், குடியேற்ற நகரம் என்ற தகுதி அந்த ஊருக்கு கி.பி. 50-இல் கிடைத்தது, அங்கே பிறந்த அக்ரிப்பினா தன் கணவரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தது. அந்தக் கணவர், ஏரிக்கரையில் நொண்டி ஓடிய அதே கிளாடியஸ். ஜெர்மானிய ஊர் ஒன்றில் தற்செயலாக அமைந்த இந்தப் பொருத்தத்தை முதன்முதலாகக் கவனித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுப்பிச் சொல்ல வீட்டில் ஆர்வமுள்ள ஆளும் இல்லை.

இப்போது ‘பிரெட் அண்ட் சர்க்கஸஸ்’. வெளிநாட்டிலிருந்து வந்த நண்பரிடம் சொல்லிவைத்து வாங்கிய குறுந்தகடு அது. பாலித்தீன் உறையைப் பிரித்ததும் பின்னட்டையில் நான் தேடியது பாடல்களின் நீளத்தை. பதினொரு பாடல்கள் இருந்தன. ‘வேலண்டைன் சூட்’ போல ஒரு பக்கத்தை நிறைக்கும் படைப்பு ஒன்றுகூட இல்லை. அப்போதே மனம் சுருங்கிவிட்டது. கேட்கக் கேட்க அந்தச் சுருக்கம் கோபமானது. ‘வாட்சிங் யுவர் எவ்ரி மூவ்’ தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு பாட்டிலும் கித்தாரோ சாக்சஃபோனோ தனித்து எழுந்துவரும் இடத்துக்காகக் காத்திருந்தேன். அது வருவதற்குள் ஃபார்லோ திரும்பி வந்து அடுத்த சரணத்தைத் தொடங்கிவிட்டார். ஆர்கனின் பழைய உறுமலும் இல்லை. கிரீன்ஸ்லேடின் கருவிகளிலிருந்து வந்த ஒலி என் காதுக்கு வழவழப்பாக, தொண்ணூறுகளின் விளம்பர இசையை நினைவூட்டுவதாக இருந்தது. இந்தக் கடைசிக் குறையை நான் இன்றும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

மற்றவற்றில் தவறு என்னுடையது. கொலோன் பதிவைக் கேட்டுப் பழகிய காதோடு, அதன் தொடர்ச்சியை இந்த ஆல்பத்தில் தேடினேன். ஆனால் மேடைப்பதிவும் ஸ்டூடியோ ஆல்பமும் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. ‘லைவ்ஸ்’, கேட்பவருக்குத் திருப்பிச் செலுத்திய கடன். 1971-இல் பாதியில் விட்டுப் போனவற்றை வட்டியோடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ‘லாஸ்ட் ஏஞ்சலஸ்’ உட்பட, என் கேசட் விழுங்கிய முடிவு உட்பட. கடன் தீர்ந்த பிறகு ஸ்டூடியோவுக்குள் போனபோது, தங்களிடம் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். அவர்களிடம் இருந்தது, 1970-இல் இருந்ததைவிட நன்றாகப் பழுத்த ஒரு குரல். ஐம்பத்தாறு வயது ஃபார்லோ, சொல்லை உடைத்து உலுக்கும் பழக்கத்தை முழுதாக விடவில்லை என்றாலும், எங்கே உலுக்க வேண்டாம் என்பதைக் கற்றுக்கொண்டிருந்தார். பதினொரு பாடல்களும் அந்தக் குரலுக்கு இடம் விட்டு எழுதப்பட்டவை. அந்த இடத்தைத்தான் நான் வெறுமை என்று முதலில் எண்ணினேன்.

பெயரையும் கவனிக்க வேண்டும். ‘அப்பமும் விளையாட்டும்’ என்பது ரோமானியக் கவிஞர் ஜுவெனலின் வசை. ஒரு காலத்தில் படைகளையும் பதவிகளையும் தம் வாக்கால் அளித்த மக்கள், இப்போது அப்பத்துக்கும் விளையாட்டுக்கும் மட்டுமே ஏங்கிக்கிடக்கிறார்கள் என்று அவர் தம் பத்தாவது அங்கதப் பாட்டில் எரிச்சலோடு சொல்கிறார். முதல் ஆல்பத்தின் பெயர், அரங்கின் மணலில் நின்று மேலே பார்ப்பவனின் குரல். இந்த ஆல்பத்தின் பெயர், மணலிலிருந்து தலையைத் தூக்கி, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தையே அளந்து பார்ப்பவனின் குரல். குழுவினர் இப்படி எண்ணித்தான் வைத்தார்கள் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் பின்னட்டையில் நிமிடக் கணக்கைத் தேடி, பழைய வித்தையைக் காட்டவில்லையே என்று கோபித்துக்கொண்ட எனக்கு அந்தப் பெயர் சரியாகவே பொருந்துகிறது. எனக்கு வேண்டியிருந்தது விளையாட்டு.

மறுபடி கேட்டபோது என்னை நிறுத்தியது ஹைஸ்மேனின் டிரம்ஸ். சொந்த ஸ்டூடியோவும் ஒலிப்பதிவு அறிவும் உள்ளவர் அவர். எண்பதுகளிலிருந்தே தம் வீட்டோடு சேர்ந்த ஸ்டூடியோவில் தம்முடையதும் மனைவியுடையதுமான ஆல்பங்களைப் பதிந்துவந்தவர். பொதுவாக டிரம்ஸ் கலைஞர் தம் கருவியைத் தாமே பதிந்தால் அதை எல்லாவற்றுக்கும் மேலே தூக்கிவைத்துவிடுவார். இதில் டிரம்ஸ் பாட்டின் தரையாக மட்டுமே இருக்கிறது. ஆனால் அந்தத் தரை அசைந்துகொண்டே இருக்கிறது: பாடகர் வரியை முடிக்கும் இடத்தில் ஒரு சிறு உருட்டல், அடுத்த வரி தொடங்குமுன் சிம்பலின் விளிம்பில் ஒரு தொடல், அவ்வளவுதான். 1969-இல் ஒவ்வொரு இடைவெளியிலும் பத்து அடி அடித்தவர், இப்போது இரண்டு அடியில் அதே வேலையை முடிக்கிறார். ஹெக்ஸ்டல்-ஸ்மித்தும் அப்படியே. நீண்டு ஊதும் இடங்கள் குறைவு. பாட்டின் வாக்கியத்துக்கு ஒரு காற்புள்ளி, ஒரு வியப்புக்குறி என்று வைத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார். ‘தி அதர் சைட் ஆஃப் தி ஸ்கை’ என்ற கடைசிப் பாட்டு முடிந்து அறையில் அமைதி வந்தபோது, இந்த ஆல்பத்தை ராக் ஆல்பமாகக் கேட்டதே பிழை என்று தோன்றியது. வயதான ப்ளூஸ்காரர்களின் பாட்டுத் தொகுப்பாக எடுத்துக்கொண்டால் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. ப்ளூஸில் முதுமை ஒரு தகுதி. ராக் இசையில் அது ஒரு குற்றம். இந்த இரண்டு இசைகளும் ஒரே குழுவில் இருக்கும்போது, எந்தப் பக்கம் சாய்ந்து முதுமை அடைவது என்ற கேள்வி வந்தே தீரும்.

2003-இல் வந்த அடுத்த ஆல்பம் விடையைப் பெயரிலேயே சொல்லிவிட்டது: ‘டுமாரோஸ் ப்ளூஸ்’. என் கணிப்பில் அது ‘பிரெட் அண்ட் சர்க்கஸஸை’விடச் சிறந்தது, வழவழப்பு குறைந்து, நரம்பு தெரிகிறது. ஆனால் ஹெக்ஸ்டல்-ஸ்மித் பங்கேற்ற கடைசிக் கொலோசியம் ஆல்பமும் அதுவே. அவருடைய உடல்நலம் குன்றத் தொடங்கியபோது மேடையில் அவர் இடத்துக்கு வந்தவர் பார்பரா தாம்சன். 1997-இல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டு, 2001-இல் பிரியாவிடைப் பயணத்தோடு மேடையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தவர் அவர். விரல்கள் தன் சொல் கேட்காத நோயோடு, இரண்டு சாக்சஃபோன்களை ஒன்றாக ஊதியவரின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவர் அந்த வித்தையைப் பின்பற்ற முயலவில்லை. தன் வழியில், இன்னும் நீண்ட, இன்னும் பாட்டுத்தன்மை கொண்ட வரிகளை வாசித்தார். 2004 டிசம்பர் 17 அன்று, எழுபதாவது வயதில், ஹெக்ஸ்டல்-ஸ்மித் இறந்துபோனார். நாற்காலி பார்பரா தாம்சனுடையதானது.

அவரோடு பதிந்த ‘டைம் ஆன் அவர் சைட்’ 2014-இல் வந்தது. அதில் ‘டிக்ஸ் லிக்ஸ்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. யாருக்கான வணக்கம் என்று பெயரே சொல்லும். 2015 பிப்ரவரி 28 அன்று லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் கடைசிக் கச்சேரி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1968 முதல் 1971 வரை, குழுவின் முதல் பிறவி மூன்று ஆண்டுகளைச் சற்றுத் தாண்டும். 1994 முதல் 2015 வரை, மறுபிறவி இருபது ஆண்டுகளுக்கும் மேல். இசை வரலாற்று நூல்களில் முதல் மூன்று ஆண்டுகளுக்கு அத்தியாயமும் பின்னைய இருபது ஆண்டுகளுக்கு அடிக்குறிப்பும் கிடைப்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். முதல் பிறவியில் கிளார்க்கும் ஃபார்லோவும் ஓராண்டு போலவும், கிளெம்சன் இரண்டு ஆண்டு போலவும்தான் இருந்தார்கள்; அவர்களைப் பொறுத்தவரை கொலோசியம் என்பதே ஏறத்தாழ மறுகூடலுக்குப் பிந்தைய வாழ்க்கைதான். ‘மறுகூடல் ஆல்பம்’ என்ற சொல்லை நான் இத்தனை நேரம் பயன்படுத்திக்கொண்டிருப்பதே ஒரு வசதிக்காகத்தான்.

ஹைஸ்மேன் அதற்குப் பிறகும் ஓயவில்லை. கிளெம்சனோடும் கிளார்க்கோடும் சேர்ந்து மூவரின் முதலெழுத்துகளில் ஜே.சி.எம். என்று ஒரு குழு தொடங்கி, மறைந்த சக கலைஞர்களுக்கு வணக்கமாக ‘ஹீரோஸ்’ என்ற ஆல்பத்தை 2018-இல் வெளியிட்டார். அது வந்து சில மாதங்களுக்குள், ஜூன் 12 அன்று, மூளைக்கட்டியால் இறந்தார். வணக்கம் சொன்னவரே வணக்கத்துக்குரியவராகிவிட்டார்.

அவர் இல்லாமல் கொலோசியம் இல்லை என்று நானும் அப்போது சொல்லித் திரிந்தவன்தான். 2020-இல் ஃபார்லோ, கிளெம்சன், கிளார்க் மூவரும் அந்தப் பெயரை மறுபடி எடுத்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. டிரம்ஸுக்கு மால்கம் மார்ட்டிமோர் வந்தார். எழுபதுகளில் ஜென்ட்டில் ஜயன்ட் குழுவின் ‘த்ரீ ஃபிரெண்ட்ஸ்’ ஆல்பத்தில் வாசித்தவர். சாக்சஃபோனுக்கு கிம் நிஷிகவாராவும், ஆர்கனுக்கு நிக் ஸ்டீடும் வந்தார்கள். 2022-இல் ‘ரெஸ்டோரேஷன்’ வெளிவந்தது. எண்பத்தொரு வயது ஃபார்லோ அதில் பாடுகிறார். முதல் பாட்டு தொடங்கி ஒரு நிமிடத்துக்குள், ‘பிரெட் அண்ட் சர்க்கஸ’ஸில் நான் குறைப்பட்ட அந்த ஆர்கன் உறுமல் கேட்டது, இருபத்தைந்து ஆண்டு தாமதமாக, அதுவும் வேறொருவர் கையால். எரிச்சலும் மகிழ்ச்சியும் சேர்ந்தே வந்தன. அதே ஆண்டு ஜூலையில் பார்பரா தாம்சனும் மறைந்தார். 1994-இல் கொலோனில் மேடையேறிய அறுவரில் இருவர் இப்போது இல்லை. அவர்களில் ஒருவரின் நாற்காலியில் அமர்ந்தவரும் இல்லை. பெயர் மட்டும் மேடையில் நின்றுகொண்டிருக்கிறது. சாகப்போகிறோம் என்று சொல்லி வந்தவர்களுக்கு ஏரிக்கரையிலிருந்து கிடைத்த மறுமொழி இன்னும் செல்லுபடியாகிறது போலும்.

போன மாதம் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது அந்த கேசட் கையில் வந்தது. நாடா ஓரத்தில் சுருங்கியிருக்கிறது. ஓட்டுவதற்குப் பிளேயரும் வீட்டில் இல்லை. அன்று இரவு கொலோன் பதிவின் ‘லாஸ்ட் ஏஞ்சலஸை’ப் போட்டேன். ஃபார்லோ பாடி ஒதுங்கி, கிளெம்சனின் கித்தார் ஏறத் தொடங்கியது. 1971-இல் அறுந்த இடம் எது என்று என் கைக்குத் தெரியும். மேசைமேல் விரல்கள் தாமாகவே பொத்தானைத் தேடி நகர்ந்தன. ஆனால் இந்தப் பதிவில் கிளெம்சன் வேறு வழியில் ஏறுகிறார். பழைய பதிவில் நேராகப் பாய்ந்த இடத்தில், இங்கே பாதி வழியில் நின்று, ஒரே சுரத்தைத் திருப்பித் திருப்பித் தட்டிப் பார்த்து, பிறகு பக்கவாட்டில் நழுவி மேலே போகிறார். அறுந்த இடம் முன்னால் இருக்கிறதா, கடந்து போய்விட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விரல்களை மேசைமேலேயே வைத்துக்கொண்டு, ‘டக்’ எப்போது கேட்கும் என்று கடைசி வரை காத்திருந்தேன். கேட்கவில்லை.